பொன்னாடைக்குப் பயந்த எம்.பி.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் சூக் நகரத்தில் எம்.பி.யின் கைகுலுக்கலுக்குத் தப்பியவர் ஒருவரும் இல்லை. தபால்காரர், பஸ் சாரதி, அவருடைய அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற நான், எல்லோரும் குலுங்கியவர்கள்தான். அமெரிக்காவில் அரசியல் செய்தவர் என்பதால் நாங்கள் வைத்த பெயர் எம்.பி. இங்கே தனக்கு ஒரு வோட்டும் கிடையாது என்பது அந்தக் கைக்கு மட்டும் தெரியவில்லை.

இங்கே வந்து கம்பனி திறந்திருந்தார். என்ன வியாபாரம் தெரியுமா? மற்றக் கம்பனிகள் நேர்மையாக நடக்க ஆலோசனை சொல்வது! பதவியை ஏன் விட்டார் என்று நான் கேட்டதில்லை. வெள்ளைக்காரர், கோட் சூட், எனக்கு அது போதும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. விழா என்றால் பிரதம விருந்தினர் வேண்டும். அவர் வெள்ளைக்காரர் என்றால் பொன்னாடை இன்னும் அகலமாகும். பாடன் நகரத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு எம்.பி.யைக் கூட்டிப் போனேன். மொழிபெயர்ப்பும் நானே.

பள்ளித் தலைவர் பொன்னாடையை விரித்ததும் எம்.பி. பின்னால் பாய்ந்தார். தலைவர் விடவில்லை. மேடையை இரண்டு சுற்று சுற்றினார்கள். கடைசியில் எம்.பி. மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னார்: "இதை நான் வாங்கக்கூடாது. அரசாங்க ஒப்பந்தம் எடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரர் தந்த கோட் ஒன்றை வாங்கித்தான் என் பதவி போனது. வாங்கவே இல்லை என்று சனத்துக்குப் பொய்யும் சொன்னேன்."

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் கூட்டி வந்த ஆள் அல்லவா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"தமிழ்ப் பிள்ளையளைக் கண்டது தனக்குச் சரியான சந்தோசமாம்."

முன்வரிசைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இங்கே பிறந்தவர்கள், என்னைவிட நல்ல ஆங்கிலம். ஒருத்தி எழும்பினாள். வேறு யார், என் மகள்தான்.

"அப்பா, அவர் அப்பிடிச் சொல்லேல்லை. ஏன் பொய் சொல்லுறீங்கள்?"

எம்.பி. என் பக்கம் திரும்பினார். "மாற்றிச் சொன்னீர்களா?"

"ஓம்... வெட்கமாக இருந்தது."

"எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது," என்றார். "சொல்லிவிடுங்கள்."

சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. தலைவர் மைக்கைக் கையால் மூடாமலே கேட்டார்: "அப்ப இவருக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

"பாலில்லாமல் ஒரு பிளேன்ரீ குடுங்கோ அண்ணை," என்றேன்.

அதையும் எம்.பி. கொஞ்சம் யோசித்துத்தான் வாங்கினார்.

விழா முடிந்ததும் சனமெல்லாம் காருக்கு ஓட, அவர் கோட்டைக் கழற்றிவிட்டு என்னோடு நின்று மண்டபத்துக் கதிரைகளை அடுக்கினார்.

இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் வாங்காத பொன்னாடையைத் தலைவர் என்னிடமே தந்துவிட்டார், அது என் அலுமாரியில் கிடக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பிரதம விருந்தினர் வந்து போய்விட்டார்கள். வேறு ஒருவருக்கும் அதைப் போர்த்த எனக்கு மனம் வரவில்லை.