மறுபடியும் ஐந்து புள்ளி ஒன்று

“இப்பம்தானலே போட்டேன்? டீ குடிச்சிட்டு வாறதுக்குள்ள எங்கலே போச்சு?”

“யார்ட்டண்ணே பேசுதிய?”

“இந்தக் கம்ப்யூட்டர்ட்ட!”

சுயம்புராஜ் கீபோர்டைக் குத்தினான். பில் போடும் லீமா தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

குளச்சலில் சகாயத்தின் ஐஸ் ஆலை அது. பழைய பில் புரோகிராமை எழுதியவர் திருவனந்தபுரத்து பேபி. புதியது சுயம்புராஜுடையது. அவன் தனியாக எடுத்த முதல் வேலை. இதை நம்பித்தான் சென்னையில் கிடைத்த ஒன்றை வேண்டாமென்று சொல்லியிருந்தான். புரோகிராமை ஆலைக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸில் ஏற்ற ஒரு சாமான்தான் குறை: டேட்டாபேஸின் டெவலப்மென்ட் பேக்கேஜ். அது இரண்டு இடத்தில் கிடைத்தது. லினக்ஸ் சிடியில் ஐந்து புள்ளி பூஜ்யம் என்ற பதிப்பு. பேபி சேர்த்துவைத்திருந்த இணைய முகவரியில் ஐந்து புள்ளி ஒன்று. ஒன்று குடியிருக்கும் வீட்டில் மற்றது கால் வைக்காது. அவனுக்கு வேண்டியது பூஜ்யம். காலையிலிருந்து அவன் அதைப் போடுவதும், கண் அசந்தால் ஐந்து புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்வதுமாக இருந்தது.

“சாயங்காலத்துக்குள்ள பில் வரல்லேன்னா வேல பேபிக்குத்தான்,” சகாயம் வாசலில் நின்று கத்தினார். “வண்டி நிக்குது. ஐஸ் ஒனக்காவ உருகாம கெடக்குமாலே?”

“அந்த ஆளு செஞ்ச கூத்துதான் மொதலாளி இது!”

சகாயம் வண்டியைப் பார்க்கப் போனார். படகு எஞ்சின் நின்றால் இரண்டு மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பும் மனிதர் அவர். காய்ச்சல் வந்தால் ஊசியும் போடுவார், கஷாயமும் குடிப்பார்.

சுயம்புராஜ் பேபியின் முகவரியை அழித்துவிட்டுப் பூஜ்யத்தைப் போட்டான். பாதி வேலையில் பிழை. பார்த்தால், அழித்த முகவரி இருந்த இடத்திலேயே இருந்தது.

“பேபி இல்ல, பேயி!”

முகவரிப் பட்டியலையே யாரும் தொட முடியாதபடி பூட்டினான். பூட்டு திறந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு டேட்டாபேஸோடு ஒட்டிய அத்தனையையும் வேரோடு பிடுங்கினான். கூடவே பில் பிரிண்டர் செத்தது. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. நடுக்கடலில் தெரியும் ஒற்றைப் படகு விளக்கைப் போல ஒரு வெள்ளைக் கோடு அதில் மினுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. லீமா கையால் பில் எழுத ஆரம்பித்தாள்.

“அந்தப் பேபி மட்டும் இப்பம் எனக்க கையில கிட்டினாம்னா...”

கறுப்புத் திரையில் எழுத்துகள் தாமாகவே ஓடத் தொடங்கின. மறுபடியும் ஐந்து புள்ளி ஒன்று.

போன் அடித்தது. லீமா எடுத்தாள். “செரி சார்... ஆமா சார்... இஞ்ச ஒரு ஆளு இருக்கு சார்.” வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“அண்ணே, பேபி சாரு. மொதலாளி இந்த வேலைய நேத்தே அவருட்டயும் சொல்லிட்டாராம். காலையில இருந்து திருவனந்தபுரத்துல இருந்துகிட்டே நெட்டு வழியா இதுக்குள்ளதான் வேல பாக்காராம். எவனோ ஒரு கள்ளன் பூந்து, அவரு போடப் போட எடுக்கானாம். கம்ப்யூட்டருக்கு முன்னால யாரு இருந்தாலும் எழுப்பி விடச் சொல்லுகாரு... கொஞ்சம் எந்திரிக்கியளாண்ணே?”