சப்பாத்துக் குவியலில் ஒரு மான்கொம்பு

இருபத்திரண்டு வயதுவரை 'தெரியாது' என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் அதைச் சொல்ல உரிமை இருந்தது. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா எதுவரை படித்தார் என்று கேட்டால், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவார். பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆகவே, நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேரின் பிரெஞ்சுக் கடிதங்களையும் படித்துச் சொல்வது, படிவம் நிரப்புவது, முழங்கால் வலிக்குக் காரணம் கண்டுபிடிப்பது எல்லாம் என் இலாகா. (நான் படித்தது காட்டுயிர்கள் பற்றி. முழங்காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொல்வேன். இரண்டு பேருக்குக் குணமாகியும் இருக்கிறது.)

இப்படிப்பட்டவளிடம்தான் பேராசிரியை ஒரு தை மாதத்தில், நாய் பழக்கத் தெரியுமா என்று கேட்டார்.

விஷயம் இதுதான். ஆண்மான்களின் கொம்பு குளிர்காலத்தில் தானாக விழுந்துவிடும். வசந்தத்தில் புதிது முளைக்கும். விழுந்த கொம்புகள் எங்கே கிடக்கின்றன என்று பார்த்தால், மான்கள் குளிர்காலத்தை எங்கே கழித்தன என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் காய்ந்த இலைகளுக்கு நடுவே கிடக்கும் கொம்பு மனிதக் கண்ணுக்கு இலேசில் அகப்படாது. நாயின் மூக்குக்கு அகப்படும். பனி கரைந்ததும் தேடிவிட வேண்டும். தாமதித்தால் எலியும் அணிலும் கொறித்துத் தீர்த்துவிடும். எனவே சித்திரையில் ஒரு தேர்வு. மூன்று மாணவர்கள், ஆளுக்கொரு நாய். வெல்பவருக்குப் பேராசிரியையின் களக்குழுவில் இடம். அந்த இடம் கிடைத்தால் அவரிடமே முதுகலையும் செய்யலாம். அதற்காக நான் இரண்டு வருடமாக அவருடைய வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றேன்.

நாய்களோடு எனக்கு அதுவரை இருந்த உறவு, அது இந்த நடைபாதையில் வந்தால் நான் அந்த நடைபாதைக்குப் போவது.

கீழ்வீட்டு மதாம் ஜினெட்டுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அவருடைய பழுப்பு நிற லாப்ரடோர் நாய் பிஸ்கொட்டைத் தினமும் நடத்திக்கொண்டு போகிறேன் என்று சொன்னதும், என் கையைப் பிடித்து அழாத குறை. பேராசிரியை பயிற்சிக்கென்று ஆளுக்கொரு கொம்பு கொடுத்திருந்தார். நாய் பழக்குவது பற்றி நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்று எடுத்தேன். நாயும் கொம்பும் புத்தகமுமாக மூன்றாம் மாடி ஏறி வந்தபோது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நாய்க்கு அனுமதி உண்டு. கொம்புக்கு இல்லை.

செத்த மிருகத்தின் எலும்பு, சாமியறை இருக்கிற வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அவர் கட்சி. இது செத்த மிருகத்துடையது இல்லை, மான் உயிரோடு நன்றாக இருக்கிறது, இது ஒவ்வொரு வருடமும் இயற்கையாக உதிர்வது என்று நான் பத்து நிமிடம் விரிவுரை நிகழ்த்தினேன். அம்மா முழுதும் கேட்டார்.

"தலைமயிரும்தான் தன்ரை பாட்டிலை உதிருது. அதைக் கொண்டுபோய் நான் சாமிக்கு முன்னாலை வைக்கிறனோ?"

மூன்று வருடப் பல்கலைக்கழகக் கல்வியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேரம் பேசத் தொடங்கினேன். கடைசியில் எல்லை வகுக்கப்பட்டது. கொம்பு வாசலில் சப்பாத்துக் கழற்றும் இடம் வரைக்கும் வரலாம். அதற்கு இங்கால் ஒரு அங்குலமும் வரக் கூடாது.

எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. மெட்ரோ வர இரண்டு நிமிடம் என்று பலகை காட்டினால், அந்த இரண்டு நிமிடமும் மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். வெளியே குளிர் காதைக் கடித்துக்கொண்டிருந்தது. சித்திரையோ நாளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே வாசலிலேயே பயிற்சியைத் தொடங்கினேன். புத்தகம் சொன்னபடி, என் வாசனை ஒட்டாமல் இருக்க, பாத்திரம் கழுவும் கையுறை போட்டுக்கொண்டு கொம்பை ஒரு சப்பாத்துக்குள் செருகுவேன். "ஷெர்ஷ்!" என்பேன். (தேடு என்று அர்த்தம். பிஸ்கொட்டுக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும்.) அது மோப்பம் பிடித்து, சரியான சப்பாத்தைக் கவ்விக் கொண்டுவந்து என் முன்னால் உட்காரும். பரிசாகச் சீஸ் துண்டு. கொடுக்கும் பொறுப்பை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிவிட்டு முதுகு வலியோடு வருபவர், அந்தப் பத்து வாரமும் வலியைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

சனிக்கிழமைகளில் சொந்தக்காரர் வந்தால் வாசலில் முப்பது சோடி சேரும். அதை நான் மேல்நிலைத் தேர்வு என்று அழைத்தேன். பிஸ்கொட் அதிலும் தேறியது. அதன் மதிப்பெண்களை நான் வரைபடம் போட்டுப் பேராசிரியைக்கு அனுப்பினேன்; கோடு நேரே கூரையை நோக்கிப் போனது. புத்தகத்தில் 'புதிய இடங்களில் பழக்குதல்' என்று ஓர் அத்தியாயம் இருந்தது. பரீட்சைக்கு வராத பகுதி என்று நினைத்து அதைத் தாண்டிவிட்டேன்.

தேர்வு நகரத்துக்கு வெளியே ஒரு காட்டோரத்தில். அப்பா லீவு போட்டுவிட்டுத் தானே காரோட்டி வந்தார். பனி பாதி கரைந்து எங்கும் சேறு. அதனால் பேராசிரியையும் அவருடைய சகாக்கள் இருவரும் மற்ற மாணவர்களும் தங்கள் சப்பாத்துகளை அங்கிருந்த மரக்குடிலின் படியில் கழற்றி வைத்துவிட்டு, இறப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றார்கள். காட்டுக்குள் ஆறு கொம்புகளை ஒளித்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் போன மாணவனின் நாய் ஐந்தை எடுத்துவிட்டது; எனக்காக அவற்றை மறுபடி ஒளித்து வைத்தார்கள்.

நான் தலையை நிமிர்த்தி, "ஷெர்ஷ்!" என்றேன்.

பிஸ்கொட் காட்டைப் பார்த்தது. பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி வந்த மாணவியின் முகம் அதற்கு. என்னைப் பார்த்தது. பிறகு குடில் படியைப் பார்த்தது. அங்கே ஐந்து சோடி சப்பாத்துகள். அதன் வால் சுழன்ற சுழற்சியை இன்றும் மறக்க முடியவில்லை. பாய்ந்து போய், பேராசிரியையின் தோல் சப்பாத்தைக் கவ்விக் கொண்டுவந்து என் காலடியில் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதோடு நின்றிருக்கும். ஆனால் அப்பா, பத்து வாரப் பழக்கத்தில், பையிலிருந்து சீஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு பிஸ்கொட்டை நிறுத்த ஆள் இல்லை. சப்பாத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் அதன் பின்னால் ஓடினேன். அது விளையாட்டென்று நினைத்து, ஒரு சப்பாத்தை வாயில் வைத்துக்கொண்டே காட்டுக்குள் ஒரு வட்டம் அடித்தது. போகிற வழியில், ஒளித்து வைத்திருந்த கொம்பு ஒன்றைத் தாண்டிக் குதித்தது. ஒரு சகாவின் வெள்ளைச் சப்பாத்து, கரைந்த பனித் தண்ணீரில் படகு போல மிதந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அதை ஏசாதை, பிள்ளை. அது பிழையா ஒண்டும் செய்யேல்லை. நாங்கள் படிப்பிச்சதைத்தான் செய்யுது."

பேராசிரியை என்னிடம் எங்கே வைத்துப் பழக்கினாய் என்று கேட்டார். வாசலில், சப்பாத்துகளுக்குள் என்றேன். நாய் பழக்கிய அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டார். இல்லை, எனக்கு நாய் பழக்கத் தெரியாது என்று சொன்னேன். சொன்னதும் வானம் இடிந்து விழவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் தாளில் ஏதோ எழுதினார். என் முதுகலை அந்தச் சேற்றிலேயே புதைந்தது என்று நினைத்துக்கொண்டு, அவருடைய இன்னொரு சப்பாத்தைத் தேடிப் போனேன். அது ஒரு புதருக்கு அடியில் கிடந்தது. முழங்காலிட்டுக் கையை விட்டேன். சப்பாத்துக்கு முன் வேறொன்று கையில் தட்டுப்பட்டது. நாலு கிளை விட்ட கொம்பு.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்கள் ஒளித்து வைத்த ஆறிலும் அடையாள வண்ணம் இருந்தது. இதில் இல்லை. இது உண்மையாகவே ஒரு மான் விட்டுப் போனது.

ஐந்து கொம்பு எடுத்த நாய்க்கே களக்குழுவில் இடம் கிடைத்தது. ஆனால் ஆராய்ச்சி என்றால் ஒப்பீடு வேண்டுமாம். காட்டின் ஒரு பாதியை நாய் தேடினால், மறு பாதியை மனிதர் நடந்து தேட வேண்டும். அந்த மனிதர் நான். வசந்தம் முழுதும் காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். அந்தத் தரவுகளை வைத்துத்தான் இப்போது அதே பேராசிரியையிடம் முதுகலை செய்கிறேன்.

அப்பா இதை எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாமல் விடுவதில்லை. தன் மகளைப் பல்கலைக்கழகத்தில் நாயோடு போட்டிக்கு விட்டார்கள் என்று ஆரம்பிப்பார். ஆர் வெண்டது என்று யாராவது கேட்பார்கள். அதற்காகவே காத்திருப்பவர்போல், "நாய்தான். ஆனா இவள் கிட்ட வந்திட்டாள்" என்பார். அதில் அவருக்கு உண்மையாகவே பெருமை.

வீட்டில் ரிமோட்டோ கதவுத் திறப்போ தொலைந்தால் இப்போதெல்லாம் யாரும் எழுந்து தேடுவதில்லை. "படிச்சவளை விடுங்கோ, மோந்து பிடிப்பாள்" என்று அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, கிடைக்கவில்லை என்று கையை விரித்தால் இந்தக் கேலி அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த உறுதியோடுதான் ஒவ்வொரு முறையும் எழுகிறேன். ஆனால் அறையை நாலு கட்டமாகப் பிரித்துக் குனிந்ததும் அந்த உறுதி எங்கேயோ போய்விடுகிறது. இரண்டாவது கட்டத்திலேயே எடுத்துவிடுகிறேன்.