‘காஞ்சிருக்கும்’ ஆசாமி

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அதற்குச் சங்கம் கிடையாது, கொடி கிடையாது, வருஷாந்திர மாநாடும் கிடையாது. ஆனாலும் கடலூரில் எட்டு வருஷம், சிதம்பரத்தில் பன்னிரண்டு வருஷம் பைப் கடை நடத்திய எனக்கு, வண்டியை ஸ்டாண்டு போடுகிற தோரணையிலேயே ஆள் அந்த இனம் என்று தெரிந்துவிடும். பாதி ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, “நிக்கும்” என்று சொல்லியபடி உள்ளே வருவார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘காஞ்சிருக்கும்’ ஆசாமி.

பெயர்க்காரணம் சொல்கிறேன். பிளாஸ்டிக் பைப்பை ஒட்டுவது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. நேராக அறுக்க வேண்டும், பிசிறைத் தேய்க்க வேண்டும், பைப்புக்கென்றே விற்கிற பிரைமரைத் தடவ வேண்டும், பைப்பின் முனையிலும், மூலையில் அதைத் திருப்புகிற எல்போவின் வாய்க்குள்ளும் சொல்யூஷன் என்கிற பசையைப் பூச வேண்டும், உள்ளே தள்ளிக் கால் திருகு திருகி அரை நிமிஷம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மொத்தம் ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு ஒரே ஒரு வேலை பாக்கி. சும்மா இருப்பது. அங்கேதான் நம் ஆசாமிக்கு உயிர் போகிறது.

முதலில் வாயால் ஊதுவார். பிறகு விரலால் ஜாயிண்டின் வெளி ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பார். வெளியே வழிந்தது எப்போதோ காய்ந்துவிட்டது. காய வேண்டியது உள்ளே இருக்கிறது. உள்ளே விரல் போகுமா? போகாது. அதனால் என்ன, வாய் இருக்கிறதே! “காஞ்சிருக்கும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வால்வைத் திறப்பார்.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள். “காஞ்சிடிச்சு” என்று அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். காஞ்சிடிச்சு என்று சொல்ல வேண்டுமானால் பார்த்திருக்க வேண்டும். காஞ்சிருக்கும் என்று சொல்வதற்குக் கண்ணும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். இலக்கணத்தில் இதற்கு என்ன பெயரோ, நான் தமிழில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியவன். ஆனால் இந்த ஆசாமியின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரே ‘இருக்கும்’மில்தான் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் இருக்கும் என்று கிளம்பி, சேத்தியாத்தோப்பிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். கடலூர் பஸ் கிளம்பியிருக்காது என்று இன்னொரு டீ குடிப்பார். பஸ் புவனகிரியைத் தாண்டியிருக்கும்போது இவர் டம்ளரைக் கீழே வைப்பார்.

என் ஒன்றுவிட்ட தங்கை புஷ்பவள்ளியை இந்த இனத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை தில்லைநாதன் நல்லவர். பீடி சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. ‘இருக்கும்’ மட்டும்தான்.

புஷ்பவள்ளி ஆரி வேலை கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். போன மாசம் அவளுக்கு முதல்முதலாக ஒரு கல்யாணப்பெண் ரவிக்கை வந்தது. கடலூர் முதுநகரில் தமிழ்ச்செல்வி என்ற அம்மாள், மகளின் முகூர்த்தத்துக்குக் கொடுத்தது. கத்தரிப்பூ நிறப் பட்டு. இருபத்திரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் கொடியும் மணியுமாகக் கோத்திருந்தாள். மண்டபத்தில் நாலு பேர் கண்ணில் பட்டால் தன் பெயருக்கு ஒரு போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. ஞாயிறு காலை அந்த அம்மாள் நேரில் வந்து வாங்கிப் போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை, அவள் தையல் ஜன்னலுக்கு வெளியே இறங்குகிற டேங்க் பைப்பின் எல்போ சொட்ட ஆரம்பித்தது. பிளம்பர் சடையப்பன் பரங்கிப்பேட்டையில் ஒரு புதுவீட்டு வேலையில் இருந்தான், திங்கட்கிழமைதான் வருவேன் என்றான்.

“சொட்டுதானேங்க, வாளி வெச்சிருக்கேன். ரவிக்கைய குடுத்துட்டு அப்புறம் எது வேணா பண்ணுங்க” என்றாள் புஷ்பவள்ளி.

“ஒரு எல்போவுக்கு ஆளு எதுக்கு? ஜாஸ்தி போனா பத்து நிமிசம்!”

நேரே என் கடைக்கு வந்தார். “மச்சான், முக்கா இஞ்சு எல்போ ஒண்ணு, சின்ன டின்னு சொல்யூஷன் ஒண்ணு.”

“பிரைமர் வேணாமா மாப்ள?”

“அது வீட்லயே இருக்கு மச்சான். பொங்கலுக்கு வாங்கினது.”

கடையில் கூட்டம். எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்குப் போய் போனில் வீடியோ பார்த்திருக்கிறார். வீடியோவில் ஒருவன் பைப்பை ஒட்டுகிறான், அடுத்த நொடியே குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. நடுவில் ஒரு பகல் ஓர் இரவு வெட்டப்பட்டிருக்கிறது என்று இவருக்கு யார் சொல்வது? ஒட்டினார், ஊதினார், தொட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் கடைசி வரிசை மணியைக் கோத்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளி, “நாளைக்கு வரைக்கும் தண்ணிய தெறக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, உலை கொதிக்கிறதென்று அடுப்படிக்குப் போனாள். அவள் அரிசி போடுவதற்குள் இவர் மாடியேறி, “காஞ்சிருக்கும்” என்று வால்வைத் திறந்துவிட்டார்.

எல்போ கழன்று பக்கத்து வீட்டு முருங்கையில் போய் விழுந்தது. டேங்கின் அடியில் மூன்று வருஷமாகத் தங்கியிருந்த காவிச் சேறு முழுவதும் ஜன்னல் வழியாக நேரே ரவிக்கையின் மேல் இறங்கியது.

இனி இந்த இனத்தின் முக்கியமான சடங்கு. குற்றவாளியைத் தேடுவது. ஒரு மணி நேரத்தில் எல்போவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். “சொல்யூஷன் டூப்ளிகேட் மச்சான்!”

வாங்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகத் தோல் தோலாக உரிந்து வந்தது. “இது என்ன மாப்ள?”

“பிரைமர்தான். பொங்கலுக்கு செவுத்துக்கு அடிச்சோமே, அரை டின்னு மீதி இருந்துச்சு.”

“செவுத்துக்கு அடிக்கிறதையா பைப்புக்கு அடிச்சீங்க?”

“பிரைமர்னா பிரைமர்தானே மச்சான்?”

அரை டின் சுவர்ப் பெயிண்டின் மேல் சொல்யூஷன் எங்கே பிடிக்கும்? வாய்விட்டுச் சிரிக்கப் போனேன். அதற்குள் ரவிக்கை ஞாபகம் வந்தது. “புஷ்பா என்ன சொல்றா?”

“அலசிக் காய வெச்சா சரியாயிடும்னேன். அவ உடனே கடலூருக்குப் போன் போட்டு, ‘துணி கெட்டுப் போச்சிங்க, தப்பு எங்க வீட்டுதுதான், பட்டுக்கு நான் பதில் சொல்றேன், வேற எடத்துல தெச்சிக்குங்க’ன்னுட்டா.”

கெட்டுப் போச்சு என்றாள். கெட்டிருக்கும் என்று அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் மறுபடி வந்து நின்றார். “மச்சான், நாலு மணி நேரம் ஆச்சு. கோவம் இந்நேரம் ஆறியிருக்கும்ல?”

“மாப்ள, தயவுசெஞ்சு தொட்டுப் பாக்காதீங்க.”

கேட்பாரா? போனார். வாசலில் நின்று குழைவாக, “புஷ்பா, சாப்பாடு ஆயிருக்குமே?” என்றாராம்.

அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாளாம்: “ஆயிருக்கும். போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தார். எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அவரைப் பார்த்து நான் சிரிக்கலாம்தான். ஆனால் பொங்கலுக்கு எவனாவது பைப் பிரைமர் வாங்குவானா என்று அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எந்தப் பிரைமர் மாப்ள என்று கேட்க இரண்டு நொடி போதும். கேட்டேனா? இல்லை. சரியானதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு நாள் வேலையில் பாதி என் கையாலும்தான் போயிற்று. புஷ்பவள்ளியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும்.

இதுவரை படித்துவிட்டு, இந்த இனத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. ஒருவேளை நீங்களும் அந்த ஆசாமியோ?

அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். “சேச்சே, நானா? இருக்காது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.