சம்பந்தியை வெட்டிய வெள்ளிக்கிழமை

நான் ஒருவரை வெட்டியிருக்கிறேன். அதுவும் வீடு தேடி வந்த விருந்தாளியை, பட்டப்பகலில், அப்பா கண்ணெதிரில். (பதறாதீர்கள், லூடோவில்தான்.) ஆனால் அன்றைக்கு எங்கள் கூடத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டவர்கள் வேறு மாதிரிதான் நினைத்திருப்பார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை. எங்கள் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லா. ஓசூரில் இன்றிருக்கும் தொழிற்சாலைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. சம்பளத்துக்கு வேலை என்றால் பெங்களூருக்குத்தான் போகவேண்டும். குந்தாரப்பள்ளியிலிருந்து போன நானும் அங்கே ஒரு மில் ஆபீசில் குமாஸ்தா ஆனேன். ஆபீசில் நான் எப்படி என்று கேட்காதீர்கள். தங்கியிருந்த லாட்ஜில் லூடோ சாம்பியன். அந்த லாட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் காயை வெட்டினால் தொடையைத் தட்டி, "மூட்டையக் கட்டு, வூட்டுக்கு நட!" என்று கத்தவேண்டும். கத்தாவிட்டால் வெட்டு செல்லாது.

இந்த உயர்ந்த கலையை என் குடும்பத்துக்கும் சொல்லிக்கொடுத்தே தீருவது என்று ஒரு லூடோ அட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். வந்த நேரம், ருக்மணி அக்காவுக்குச் சம்பந்தம் பேச உத்தனப்பள்ளியிலிருந்து ஆட்கள் வருகிற நேரம்.

அக்காவுக்கு அதற்குமுன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒன்று பல்லி கத்தியதால். இன்னொன்று பூனை குறுக்கே போனதால். இந்த முறை அப்பா விடியற்காலையிலேயே பூனையைப் பிடித்துக் கூடைபோட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டார். அப்படியே என்னையும் கவிழ்த்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெங்கடப்பா, பெரிய மீசை. மாப்பிள்ளை கோவிந்தன், மீசை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முகம். பேசவேண்டியதெல்லாம் இருபத்தைந்து நிமிஷத்தில் பேசியாகிவிட்டது. தட்டு மாற்றலாம் என்றால் பத்தரைக்கு ராகு காலம். பன்னிரண்டு வரை சும்மா உட்காரவேண்டும்.

"டேய், எதனா பேசி ஒக்கார வைடா," என்று அப்பா காதைக் கடித்தார். நான் லூடோ அட்டையை எடுத்து வந்து விரித்தேன்.

"ராகு காலத்துல புதுசா ஒண்ணத் தொடங்கறதா?" என்றார் வெங்கடப்பா.

மணி பத்து இருபத்தெட்டு. நான் பகடையை அவசரமாக ஒருமுறை உருட்டி, "தொடங்கியாச்சுங்க!" என்றேன். அவருக்கு என் புத்திசாலித்தனம் பிடித்துப்போய்விட்டது. (எனக்கும்தான். வினையே அதுதானே.)

அவர், அப்பா, கோவிந்தன், நான். நாலு நிறக் காய். வெங்கடப்பாவுக்கு எடுத்ததும் ஆறு விழுந்து காய் வெளியே வந்தது. நகர்த்தப் போனவர் கையை நிறுத்தினார்.

"இது எந்தப் பக்கம் போவுது?"

"இப்படித்தாங்க."

"அது மேக்கு. வெள்ளிக்கிழம மேக்கால சூலம். நான் போவ மாட்டேன்."

"நீங்க போவலிங்க, காய்தான் போவுது."

"காய் யாருது?"

"உங்களுதுங்க."

"அப்புறம்?"

நான் அட்டையை ஒரு திருப்புத் திருப்பினேன். அவர் காய் வடக்கே பார்த்தது. அடுத்தது அப்பாவின் முறை. இப்போது அப்பாவின் காய் மேற்கே பார்த்தது. போன வெள்ளிக்கிழமைதான் அப்பா மேற்கே ஓசூருக்கு பஸ் ஏறிப் போய்வந்தார். ஆனால் சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் குறைந்துபோக முடியுமா? "நம்ம வூட்லயும் சூலம் பாப்போம்," என்று கையைக் கட்டிக்கொண்டார்.

கோவிந்தன்தான் வழி சொன்னார். "ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுக்கினா மேக்கால போலாமில்லப்பா?"

அவ்வளவுதான், எங்கள் கூடத்தில் லூடோவுக்குப் புதுச் சட்டம் பிறந்தது. காய் மேற்கே திரும்பும்போதெல்லாம் ஆடுகிறவர் ஒரு துண்டு வெல்லம் தின்னவேண்டும். நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடினேன். அங்கே அம்மா ஒப்பட்டுக்கு (உங்கள் ஊர்ப் போளிதான்) பருப்பு வேகவைத்துவிட்டு, வெல்லத்தை உடைக்க உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் முறை போனபோது என் கையைப் பிடித்தாள்.

"அக்காவுக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்குதுடா. கதவிடுக்குல பாத்துக்கினே இருந்தா. உங்கப்பா காய வெட்ட ரெண்டு தடவ வாகா வந்தும் தெரியாத மாதிரி வேற காய நகத்தினாராம். நீயும் ஒழுங்கா ஆடு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. அவள் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "நான் பாத்துக்கறேம்மா," என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

பதினொன்றே முக்கால். வெங்கடப்பாவுக்கு மூன்று காய் பழம். நாலாவது காய் பழத்துக்கு ஏறும் வாசலில் நிற்கிறது. அதற்கு இரண்டு கட்டம் பின்னால் என் காய். உருட்டினேன். இரண்டு!

எனக்கு நகர்த்த வேறு காயும் இருந்தது. அப்பா என் தொடையைக் கிள்ளினார். கோவிந்தன் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் லாட்ஜ் சாம்பியனின் கைக்குக் கண் கிடையாதே! ஓங்கி வெட்டினேன். வெங்கடப்பாவின் காய் எகிறி அவருடைய மோர் டம்ளருக்குள்ளேயே விழுந்தது. நான் தொடையைத் தட்டி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்:

"மூட்டையக் கட்டு, வூட்டுக்கு நட!"

மோர் சொட்டும் மீசையோடு வெங்கடப்பா எழுந்தார்.

"நடக்கறம்ப்பா," என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "பதரா, போதாம்!" என்று அதட்டினார். (வாடா, போகலாம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பேச்சு தமிழில் இருக்கும், மாடு ஓட்டுவது கன்னடத்தில் இருக்கும், கோபம் மட்டும் தெலுங்கில்தான் வரும்.)

அப்பா அவர் கையைப் பிடித்தார். நான் காலையே பிடித்தேன். மனிதர் மசியவில்லை. ராகு காலம் முடியும்வரை வாசலில் நின்றுவிட்டு வண்டியில் ஒரு காலை வைத்தவர், அப்படியே நின்றார். உத்தனப்பள்ளி எங்களுக்கு நேர் மேற்கு!

"கொஞ்சம் வெல்லம் குடுங்க. போறோம்," என்றார் விறைப்பாக.

சமையலறைக்கு ஓடினேன். வெல்லப் பானை காலி. அம்மா கரண்டியும் கையுமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "சம்பந்தம் முறிஞ்சு போறதுக்கு அடுத்த வூட்ல போயி வெல்லம் கேப்பனா நானு?"

அக்கா மூலையில் நின்றாள். கண் நிறைய நீர். முந்தானையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அந்தச் சுருட்டலுக்குள் முழுசாக ஒரு வெல்ல உருண்டை! என்னைப் பார்த்தாள். இருபத்தொரு வயதுவரை திறந்தே கிடந்த என் வாயை அன்றைக்குத்தான் மூடினேன். வெளியே வந்து, "வெல்லம் இல்லிங்க," என்றேன்.

வெங்கடப்பா வானத்தைப் பார்த்தார், மேற்கைப் பார்த்தார். கோவிந்தன் மெதுவாகச் சொன்னார்: "நின்னுக்கினு இருக்கறதுக்கு ஆட்டத்தையாவது முடிக்கலாம்ப்பா. தோத்துட்டு ஓடனாங்கன்னு சொல்லப் போறாங்க."

அது வேலை செய்தது. திரும்ப உட்கார்ந்தார். ஆறு விழுந்தது. அதன்பிறகு நான் ஆடிய ஆட்டம் லாட்ஜில் யாருக்கும் தெரியக்கூடாது. என் காய்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அவர் காய்க்கு முன்னால் நிறுத்தினேன். அவர் வெட்டினார். இரண்டாம் வெட்டில் அவரே தொடையைத் தட்டி, "மூட்டையக் கட்டு, வூட்டுக்கு நட!" என்று கத்தினார். மூன்றாம் வெட்டில் அப்பாவும் சேர்ந்து கத்தினார். கடைசிக் காய் பழமானதும் மனிதர் சிரித்த சிரிப்பில் மோர் டம்ளர் கவிழ்ந்தது. அந்தக் குஷியிலேயே பன்னிரண்டரைக்குத் தட்டு மாற்றினோம். இனிப்பில்லாத ஒப்பட்டை எல்லோரும் பாராட்டிச் சாப்பிட்டார்கள். புறப்படும்போது, அரிசி மூட்டைக்குப் பின்னால் உருண்டு கிடந்ததாகச் சொல்லி அக்கா ஒரு வெல்ல உருண்டையைக் கொடுத்தனுப்பினாள்.

இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் அக்கா வீட்டுக்காரர் சொல்லும் ஒரே ஜோக் இதுதான்: "அந்த உருண்ட ஒரு மணி நேரம் முன்னாடி கெடச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்." எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் எனக்குப் புதுத்துணியில் முடிந்து ஒரு வெல்ல உருண்டை அனுப்புகிறாள். எதற்கு என்று தெரியாமல் அதைச் சுமந்துகொண்டு வருகிறவர் அவர்தான்.