உதைக்கும் துப்பாக்கிக்கு மாமனார் வைத்தியம்

முதல் வெடியில் லெலண்டின் தொப்பி பறந்தது. இரண்டாவது வெடியில் லெலண்டே பறந்தான்.

"எந்திரி மாப்ள," என்றார் மாமனார் டோர்வால்ட், சேற்றில் கிடந்தவனைப் பார்த்து. "நீ எந்திரிக்கிற வரைக்கும் கரடி காத்துக்கிட்டு நிக்காது."

"துப்பாக்கியா மாமா இது? கழுதை மாதிரி உதைக்குது!"

எங்கள் கோடியாக் தீவில் கரடி வேட்டைக்குக் கிளம்புமுன், சனிக்கிழமை சுடுதளத்தில் ஊர் பார்க்கக் காகிதத் தட்டைச் சுட்டுக் காட்ட வேண்டும். கண்ணை மூடக் கூடாது, தோளைச் சுருக்கக் கூடாது. தேறினால் ஞாயிறு காலைப் படகில் வேட்டைக்காரன். தவறினால் அதே படகில் பாத்திரம் கழுவுகிறவன். தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் லெலண்ட் மூன்று வருடமாகக் கழுவுகிறான். தீவில் அவனுக்குச் 'சட்டி' என்றே பெயர் வந்துவிட்டது.

டோர்வால்டுக்குச் சோதனை எதுவும் கிடையாது. அவர் சுட்டதாகச் சொல்லும் கரடிகளை எண்ணிப் பார்த்தால், இந்தத் தீவில் மனிதர்கள் குடியேற இடமே இருந்திருக்காது.

"உதைக்கு வைத்தியம் இருக்கு," என்று தம் கொட்டகைக்குள் போனவர், செருப்புக் கனத்தில் ஒரு ரப்பர் பட்டையோடு வந்தார். "துப்பாக்கிக் கட்டையோட அடியில மாட்டு. மெத்தையில சாஞ்ச மாதிரி இருக்கும்."

மாட்டினான். துப்பாக்கி நீண்டுபோய் மழைக்கோட்டின் அக்குளில் சிக்கிக்கொண்டது. உதை தோளை விட்டுவிட்டு மூக்குக்கு வந்தது.

"அப்ப கனம் பத்தல," என்றார் டோர்வால்ட். "கனம் கூடினா உதை குறையும்." மறுபடி கொட்டகை. கட்டையைக் குடைந்து ஈயத்தை நிரப்பினார். உதை குறைந்தது உண்மைதான். ஆனால் துப்பாக்கியைத் தூக்கி நிமிர்வதற்குள் ஒரு கரடி குளிர்காலத் தூக்கத்தை முடித்துக்கொண்டு எழுந்துவிடும். குழல் சாய்ந்து, குண்டு மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் பாய்ந்தது. உள்ளே தொங்கிய சால்மன் மீன்கள் காற்று வாங்கின.

"அது என் மீனு!" என்று அலறினாள் லெலண்டின் மனைவி இங்ரிட். "முடியாதுன்னு அப்பாகிட்ட சொல்லித் தொலையேன்!"

"இன்னும் ஒரு வருஷம் சட்டி கழுவச் சொல்றியா?"

"உசிரோட கழுவு!"

மூன்றாவது வைத்தியம் குழல்முனையில் திருகும் இரும்பு மூடி. பக்கவாட்டில் ஓட்டைகள். "வெடிக்கிற காத்து ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயிடும்," என்றார் டோர்வால்ட். பிரிந்துதான் போனது. ஒரு பாதி கொட்டகைக் கதவைக் கொண்டுபோனது, மறு பாதி சமையலறை ஜன்னலை. லெலண்டுக்குக் காது அடைத்துவிட்டது. இங்ரிட் திட்டுவது தெரிந்தது, கேட்கவில்லை. அந்த வாரத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அது.

அதற்குப் பிறகு நோய் முற்றியது. கதவு சாத்தினால் கண்ணை மூடினான். தபால் நிலையத்தில் முத்திரை குத்தும்போதும் மூடினான். கடிதங்கள் தப்பின, கட்டைவிரலில் கோடியாக் என்று விழுந்தது.

சனிக்கிழமை. மழை. ஊரே காதுறையோடு நின்றது. சுடுதளத்தை நடத்தும் மார்ஃபா வைத்ததுதான் அங்கே சட்டம். அவளே தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியைக் கையில் தருவாள்.

"உன் முறை, சட்டி," என்றாள்.

லெலண்ட் தூக்கினான். தூரத்தில் தட்டு வெள்ளையாகச் சிரித்தது. விரல் விசையைத் தொட்டது. அவன் இமைகள் மெல்ல மெல்ல இறங்கின.

"கண்ணு மூடுது! கண்ணு மூடுது!" டோர்வால்ட் பாய்ந்து வந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். "வம்சத்துக்கே மானக்கேடு! ஆம்பள எப்படி நிக்கிறான்னு பாரு!"

பாறை மாதிரி நின்றார். குறி வைத்தார். பக்கத்து வரிசையில் எவனோ ஒருவன் சுட்டான், பூமி அதிர்ந்தது. அதே நொடியில் டோர்வால்டும் விசையை இழுத்தார். அவர் பின்னால் போன வேகத்தில் பல்செட்டு முன்னால் போனது. குட்டையில் போய்ச் சப்பென்று உட்கார்ந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

"ஐயோ, என் தோளு!" என்று முனகினார். "பாத்தியா மாப்ள, என்னா உதை! இதையே நான் தாங்கிட்டேன்!"

"தட்டுல ஓட்டையே காணோமே மாமா?"

"உதைச்ச உதையில குண்டு சைபீரியாவுக்கே போயிருக்கும்டா!"

மார்ஃபா சேற்றில் இறங்கி நிதானமாக நடந்து வந்தாள். துப்பாக்கியை எடுத்தாள், திறந்தாள். தோட்டா அவள் உள்ளங்கையில் முழுசாக வந்து விழுந்தது.

"தோளை விடு டோர்வால்ட்," என்றாள். "ஆளு பயப்படுறானான்னு பாக்க உன் மாப்பிள்ளைக்குன்னு போட்ட வெறுந்தோட்டா இது. இதுல மருந்தே கிடையாது."