கிராங்க் சீலும் கல்யாணச் சட்டையும்

ஓடிக்கொண்டிருக்கும் லாரி எஞ்சினுக்கு அடியில் வெள்ளைச் சட்டையோடு படுத்து, அதே வெள்ளையோடு எழுந்து வரக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் தக்கலையில் இருக்கிறார். பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. வெள்ளைச்சட்டை மேஸ்திரி என்றால் கன்றுக்குட்டிகூட வழி காட்டும்.

முன்பக்கக் கிராங்க் சீல் மாற்றுவதில் அவர் கில்லாடி. எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் ஷாஃப்ட் வழியாக வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அவ்வளவுதான். அதற்கு அவர் கொடுக்கும் மரியாதையை நான் எந்த மந்திரிக்கும் கொடுத்ததில்லை. சுத்தியல் படக்கூடாது. பதமாக அழுத்தி உட்கார வைத்து, ராத்திரி முழுக்க ஓய்வு கொடுப்பார். மறுநாள் எஞ்சினை ஓடவிட்டு, சலவைச் சட்டையோடு, ஷாஃப்ட்டின் முன்முனையில் சுழலும் புல்லிச் சக்கரத்துக்கு நேர் கீழே சாக்கு விரித்துப் படுப்பார். சட்டையில் சொட்டு விழாவிட்டால்தான் வண்டி வெளியே போகும்.

“கொஞ்சம் ஒழுக்கு எல்லா வண்டியிலயும் உள்ளதுதானண்ணே” என்றார் ஒரு டிரைவர்.

“உனக்க வீட்டுக் கூரையில கொஞ்சம் ஒழுக்கு இருந்தா, அதுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுப்பியா மக்கா?”

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் ஒருமுறை லாரிக்கு அடியில் இரண்டு கால்களைக் கண்டு பதறி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளேயிருந்து, “சத்தம் போடாதிங்க, சோலியில இருக்கேன்” என்று குரல் வந்தது.

என் லாரிக்குச் சீல் மாற்றினார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். சர்ச்சில் நிற்க வேண்டிய நேரத்தில், புதுச் சட்டையோடு ஒர்க்‌ஷாப்பில் வந்து நிற்கிறார்.

“அண்ணே, சட்டைய மாத்திட்டாவது படுங்க.”

“இத்தன வருசம் விழாத சொட்டு இன்னைக்கா விழும்? ஸ்டார்ட் பண்ணு.”

விழுந்தது. நடு நெஞ்சில், கறுப்பாக. எஞ்சினை நிறுத்தியும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் குனிந்து கெஞ்சினேன்.

“நாளைக்குப் பாக்கலாம். கிளம்புங்கண்ணே, மவ காத்திருப்பா.”

“சவம், கல்யாண அவசரத்துல அடிவரைக்கும் அழுத்திட்டேன். ஷாஃப்ட்டுல பழைய சீல் உரசுன தடத்துலயே போய் உக்காந்துட்டு. கொஞ்சம் தள்ளி வைக்கணும். ஒழுக்கு வண்டிய நிப்பாட்டிட்டு நான் கர்த்தருக்க முன்னால போய் என்னத்த ஜெபிக்க?”

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு மறுபடி புல்லியைக் கழற்றினார். கையிருப்பில் இருந்த வேறொரு புதுச் சீலை வைத்து மூடியபோது, மணப்பெண்ணின் கார் வாசலில் வந்து நின்றது. செத்தோம் என்று நினைத்தேன்.

“முடிஞ்சுதாப்பா?”

“டெஸ்ட் மட்டும் பாக்கி மக்களே.”

“பாத்துட்டே வாங்க. உங்க கையப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் உள்ள போவேன். பாஸ்டர் ஏசுனா ஏசட்டும்.”

அன்று மட்டும் சீலுக்கு ஓய்வு ரத்து. ஆனால் டெஸ்ட்டுக்குக் கறையில்லாத வெள்ளைச் சட்டை வேண்டுமே. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணத்துக்கென்று நான் போட்டிருந்ததும் வெள்ளைதான்.

“கழத்து மக்கா.”

என் சட்டைக்குள் புகுந்து படுத்தார். மணப்பெண் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து அப்பாவின் நெஞ்சையே பார்த்தாள். எஞ்சின் ஓடியது, ஓடியது. ஒரு சொட்டும் விழவில்லை. அப்படியே எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார்.

பட்டன்கள் தெறிக்கிற மாதிரி இருந்த என் சட்டையில், மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ராஜாவாக சர்ச்சுக்குள் நடந்தார். தொளதொளவென்ற அவர் சட்டையில், நெஞ்சில் கறையோடு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கறை பட்ட அந்தச் சட்டையை இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குத்தான் கொடுக்க மனசு வரவில்லை.