பூட்டின் மனம் புண்படாமல்

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போவது உறுதியான அந்த ஆண்டில், மலாக்காவில் நாலு நாற்காலி சேர்ந்தாற்போல் கிடைத்தால் போதும், அங்கே ஒரு கமிட்டி உண்டாகிவிடும். பெரிய மனிதர்கள் நாட்டுக்கே சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்நகரின் காஜா பேராங் பகுதியில் இருந்தவர்களுக்கு மட்டும் கை சும்மா இருக்குமா? அங்கிருந்த வரிசைவீட்டுக் குடியிருப்போர் நலச் சங்கம், தன் இருபத்துநான்கு வீடுகளின் பாதுகாப்பையும் ஏற்றுக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானித்தது. சுதந்திர நாட்டில் ஆளுக்கொரு மாதிரிப் பூட்டுத் தொங்குவது ஒற்றுமைக்கு அழகல்ல என்று தலைவர் கலியாணசுந்தரம் எடுத்துரைத்தார். அவர் முப்பத்தொரு வருஷம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவர். உத்தியோகத்திலிருந்துதான் ஓய்வு பெற்றிருந்தார், கிராணித்தனத்திலிருந்து இல்லை.

சிங்கப்பூரில் ஒரு தமிழர் கம்பெனியிலிருந்து இருபத்துநான்கு பித்தளைப் பூட்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் தோகை விரித்த மயில். தலைவர் ரிப்பன் வெட்டி முதல் பூட்டைப் பூட்டினார். பழைய பூட்டுகளைச் சங்கமே சேகரித்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டது.

ஏழாம் நம்பர் வீட்டு அஞ்சலைக்கு மயிலைப் பற்றி அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. பூட்டு பூட்ட வேண்டும், அவ்வளவுதான். புருஷன் கருணாகரன் லாரி ஓட்டுகிறவன். ஜொகூர்ப் பக்கம் போனால் வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். வீட்டில் இருந்த ஒரே பெரிய சொத்து அவளுடைய தையல் மிஷின். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஷரீஃபுதீன் பாய் துணி கொடுப்பார், இவள் தைத்துக் கொடுப்பாள். சுதந்திர தின ஊர்வலத்தில் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறுபது சட்டை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மிஷின் போனால் வாக்கும் போகும், பிழைப்பும் போகும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் பசாருக்குப் போய்த் திரும்பினாள். கதவைத் திறந்தாள், நேரே அடுப்படிக்குப் போனாள், மீனை இறக்கி வைத்தாள். தண்ணீர்க் குடம் இடம் மாறியிருந்தது. "எவன் இதை இங்க நகர்த்தினது? ஒரு நாள் வீட்டை விட்டுப் போக முடியலையே!" என்று சத்தம் போட்டாள்.

வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்த ஹஸீனா ஈரத் தலையோடு பின்கதவு வழியாக வந்தாள். "அக்கா, என் வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு யாரை ஏசுறீங்க?"

அது எட்டாம் நம்பர் வீடு. அஞ்சலை கையில் இருந்ததோ ஏழாம் நம்பர்ச் சாவி. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். ஒன்பது திறந்தது. பத்து திறந்தது. இருபத்துநான்கும் திறந்தது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதும் போகிற போக்கில் தெரிந்தது.

அஞ்சலை மூச்சிரைக்கத் தலைவர் வீட்டுக்கு ஓடினாள். "ஐயா, பூட்டு சுத்த மோசம். ஒரே சாவியில எல்லா வீடும் திறக்குது!"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "மோசம் என்பது கடுஞ்சொல் அம்மா. அந்தப் பூட்டையும் ஒருவர் பாடுபட்டுச் செய்திருக்கிறார். ஒருவர் யோசித்து வாங்கியிருக்கிறார்."

"வாங்கினது யாருங்க?"

"நான்தான்."

மறுநாளே 'பூட்டுக் குறை கண்டறிந்து கண்ணியமாக வெளியிடும் கூட்டுக் குழு' உதயமாயிற்று. தலைவர் கலியாணசுந்தரம். துணைத் தலைவர் ஷரீஃபுதீன் பாய். காரியதரிசி நடராஜன், யார் தும்மினாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்பவர். குறையைக் கண்டவள் என்ற முறையில் அஞ்சலை. துறை அறிஞர் ஒருவரும் வேண்டும் என்று தேடி, மருதமுத்துவை அழைத்தார்கள். பூட்டுகளில் அவருக்கு இருந்த ஞானத்தை மதித்து அரசாங்கமே அவரை இரண்டு தடவை உள்ளே வைத்துச் சோறு போட்டிருந்தது. அந்த ஞானம் எப்படி வந்தது என்று கேட்பது பண்பாகாது என்பதால் யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டத்தில் பூட்டைப் பற்றிப் பேசலாம் என்று அஞ்சலை நினைத்திருந்தாள். ஒழுங்கு வேண்டாமா? சேர்ந்து வேலை செய்கிறவர்கள் எப்படிப் பேச வேண்டும் என்று முடிவாகாமல் எப்படிப் பேசுவது? ஆகவே முதலில் நன்னடத்தை விதிகள் எழுதப்பட்டன. ஒருவரை ஒருவர் 'மதிப்பிற்குரிய' போட்டே அழைக்க வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. பூட்டுக்கு நல்ல எண்ணமே உண்டு என்று நம்பித் தொடங்க வேண்டும். கம்பெனிக்குத் தெரிவித்த நாளிலிருந்து தொண்ணூறு நாள்வரை வெளியாள் யாருக்கும் விஷயம் போகக் கூடாது. எல்லாரும் மையில் கையெழுத்துப் போட்டார்கள். அஞ்சலையும் போட்டாள். விஷயம் தெரிந்த ஹஸீனாவையும் வரவழைத்துப் போட வைத்தார்கள். விதிகள் நாற்பத்திரண்டு பக்கம் வந்தன.

இரண்டாம் கூட்டத்தில் மருதமுத்து பூட்டைக் கையில் வாங்கினார். மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். பூட்டுத் திறந்துகொண்டது.

"இதுக்குச் சாவியே தண்டம்ங்க," என்றார்.

"மதிப்பிற்குரிய உறுப்பினர் பூட்டை அடித்தார்," என்று நடராஜன் எழுதிக்கொண்டார். மருதமுத்து எழுந்து வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அவர் முகத்தில் வருத்தத்தைக் காணோம். தன்னை ஒருவர் மதிப்பிற்குரியவர் என்று சொன்ன பூரிப்புதான் இருந்தது.

அஞ்சலை கையைத் தூக்கினாள். "மதிப்பிற்குரிய ஐயா, பக்கத்து வீட்டுக்காரங்களுக்காவது சொல்லிடலாமே?"

"அவர்கள் வெளியாட்கள்."

"வெளியாள்னா யாருங்க?"

"குழுவில் இல்லாத எல்லாரும்."

"அப்ப வீட்டுக்குள்ள இருக்கிறவங்கதான் வெளியாளா?"

"ஆம்," என்றார் தலைவர், இவளுக்கு இப்போதாவது விளங்கிற்றே என்ற நிம்மதியோடு.

அஞ்சலைக்கு வேறு ஒரு அவசரமும் இருந்தது. குருபோங் பக்கம் தோட்டத்தில் இருந்த தங்கைக்குப் பிரசவ நேரம். பத்து நாள் போய் இருந்தாக வேண்டும். கருணாகரனும் அந்தப் பத்து நாள் ஜொகூரில்தான். "நான் மட்டும் வேற பூட்டு வாங்கிப் போட்டுக்கிறேன் ஐயா. வீட்ல மிஷின் இருக்கு."

தலைவர் விதிகளைப் புரட்டினார். "நீங்கள் மட்டும் பூட்டை மாற்றினால் பார்க்கிறவர்கள் காரணம் கேட்பார்கள். அது செயலால் வெளியிடுதல். பதினேழாம் பக்கம்."

"அப்ப மிஷினைப் பாய் கடையில கொண்டு வச்சுடட்டுமா?"

"தையல் மிஷின் தெருவில் போனாலும் கேட்பார்கள். பதினெட்டாம் பக்கம்."

அவள் ஷரீஃபுதீன் பாயைப் பார்த்தாள். பாய் தாடியைத் தடவினார். "கையெழுத்துப் போட்டாச்சே தங்கச்சி. பத்து நாள்தானே?" துணி கொடுக்கிறவர் சொன்ன பிறகு அவள் என்ன சொல்வாள்? மருதமுத்து தலை குனிந்து மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்குக் கடிதம் எழுத மூன்று கூட்டங்கள் பிடித்தன. 'குறை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தன்மை' என்று போட்டார்கள். 'ஒரே சாவியில் திறக்கிறது' என்பது குற்றம் சாட்டுவதுபோல் இருந்ததால், 'தங்கள் பூட்டு எந்தச் சாவியையும் பேதம் பாராட்டாமல் வரவேற்கும் தன்மையைக் கண்டு வியந்தோம்' என்று திருத்தினார்கள். அஞ்சலை பஸ் ஏறிய அன்று கடிதம் தபாலுக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். தங்கைக்கு ஆண் குழந்தை, சுகப்பிரசவம். அந்த மகிழ்ச்சி வாசல்வரைதான் வந்தது. பூட்டுப் பூட்டியபடியே இருந்தது. உள்ளே மிஷின் இருந்த இடத்தில் ஒரு கடிதம் இருந்தது.

'மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு, தாங்கள் இல்லாத சமயம் வர நேர்ந்ததற்கு வருந்துகிறேன். காலணியை வெளியே கழற்றிவிட்டுத்தான் வந்தேன். மிஷினை எடுத்துச் செல்கிறேன். கதவைப் பூட்டிவிட்டேன். இப்படிக்குத் தங்கள் நலம் நாடும் ஒருவன்.'

வெட்டிய துணி அறுபது சட்டைக்கும் அப்படியே கிடந்தது. அஞ்சலை தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு குழுவிடம் போனாள்.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் கண் பனித்தது. "ஒரு கடுஞ்சொல் இல்லை. நம் விதிகள் மக்களிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன," என்றார். கடிதத்தின் நடைக்குப் பாராட்டுத் தெரிவிக்க நடராஜன் முன்மொழிந்தார்.

"போலீசுக்குச் சொல்லுங்கய்யா!"

"தொண்ணூறு நாளில் பன்னிரண்டுகூட ஆகவில்லையே அம்மா. போலீஸ் வெளியாள். அதோடு கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறது." அவர் பெருமையோடு படித்தார். இவ்வளவு அன்பான நற்சான்று இதுவரை வந்ததில்லை என்றும், அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் கம்பெனி கேட்டிருந்தது. உடன் ஐந்து காலண்டர்.

அஞ்சலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காலண்டரைத் தூக்கி எறிந்தாள். "நீங்கள்லாம் மனுசங்களா? உருப்படாத பூட்டை வாங்கி மாட்டினீங்க, வாயைத் திறக்காதேன்னீங்க, இப்பத் திருடனுக்குப் பாராட்டா? எவன்டா என் மிஷினைத் தூக்கினவன்? அந்த மிஷின் இல்லாம நான் எப்படிடா சோறு திங்கிறது? நாளைக்கு என் வாசல்ல மிஷின் வரல, வீடு வீடாப் போய் ஒவ்வொருத்தன் கூரையையும் பிரிச்சுப் பார்ப்பேன்!"

தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. குரலை உயர்த்தியது, அறிஞர் பெருமக்களை ஒருமையில் விளித்தது, காலண்டரை அவமதித்தது ஆகிய காரணங்களால் அஞ்சலை குழுவிலிருந்து ஒரு மாதம் நீக்கப்பட்டாள். தெருக்காரர்களும் கூடிப் பேசினார்கள். அவள் சொன்ன விஷயம் சரிதான், சொன்ன விதம்தான் சரியில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அன்றிரவும் எல்லாரும் அதே பூட்டைப் பூட்டிக்கொண்டு படுத்தார்கள்.

மறுநாள் காலையில் அஞ்சலையின் வாசலில் மிஷின் நின்றது. யாரோ எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள். அவள் காரணம் ஆராயவில்லை. உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். பத்தாவது சட்டை முடிந்ததும் ஒரு தாளை எடுத்துக் கம்பெனிக்கு எழுதினாள். 'உங்க பூட்டு இருபத்துநாலும் ஒரே சாவியில் திறக்குது. தட்டினாலும் திறக்குது. வெட்கமா இல்லையா? மாத்தி அனுப்புங்க. அஞ்சலை, ஏழாம் நம்பர்.'

எட்டாம் நாள் இருபத்துநான்கு புதுப் பூட்டுகள் வந்திறங்கின. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாவி, இரண்டிரண்டு. கம்பெனி மன்னிப்புக் கேட்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் முதலிலேயே அனுப்பியிருப்போமே என்றும் எழுதியிருந்தது. அந்த வரியைத் தலைவர் கூட்டத்தில் படிக்கவில்லை.

சுதந்திர தினத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. குழுவின் கண்ணியமான அணுகுமுறைக்குக் கிடைத்த வெற்றி என்று தலைவர் முழங்கினார். அஞ்சலையின் தண்டனை பெருந்தன்மையோடு ரத்து செய்யப்பட்டது. குறையை முதலில் கண்டு, குழுவோடு ஒத்துழைத்த உத்தமி என்று சொல்லி அவள் கழுத்தில் ரோஜா மாலை போட்டார்கள். அவளுக்கு ஜன்மத்தில் விழுந்த மாலை கல்யாண மாலை ஒன்றுதான். தீபாவளித் துணி முழுக்க இனி அஞ்சலைத் தங்கச்சிக்குத்தான் என்று ஷரீஃபுதீன் பாய் மேடையிலேயே அறிவித்தார்.

பிறகு தலைவர் திரையை விலக்கினார். பின்னால் ஓர் அலமாரி. உள்ளே இருபத்துநான்கு ஆணி, இருபத்துநான்கு மாற்றுச் சாவி. எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று நடராஜன் அழகான கையெழுத்தில் நம்பர் எழுதிக் கட்டியிருந்தார். யாருடைய சாவி தொலைந்தாலும் சங்கம் காப்பாற்றும் என்று சொல்லி, தலைவர் அலமாரியை மூடி, ஒரு பித்தளைப் பூட்டை மாட்டினார். அதன் மேல் தோகை விரித்த மயில்.

பழைய பூட்டில் குறை உண்டு என்று குழு இன்னும் அறிக்கை வெளியிடவில்லையே! தொண்ணூறு நாள் முடியவில்லை.

அஞ்சலை வாயைத் திறந்தாள்.

"மதிப்பிற்குரிய அம்மையார் ஏதோ சொல்ல விரும்புகிறார்," என்றார் தலைவர். இருநூறு கண்கள் அவளை அன்போடு பார்த்தன. மாலை கமகமவென்று மணத்தது. இந்த நேரத்தில் போய், இத்தனை பேர் முன்னால், இவ்வளவு மரியாதை செய்தவர்கள் மனம் நோக...

"எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க," என்றாள் அஞ்சலை.

முன் வரிசையில் இருந்த மருதமுத்துதான் முதலில் எழுந்து நின்று கைதட்டினார்.